ஷப்தியும் வெட்டியும்

லண்டனில் இருக்கும் என் அக்கா மகன் ஒரு படம் அனுப்பியிருந்தான். அங்கே ஓர் ஏலக் கம்பெனி அச்சடித்த விலைப்பட்டியலில் ஒரு பக்கம். ஒரு சாண் உயரத்தில், வெளிறிய பச்சையில் ஒரு பொம்மை. கீழே எழுதியிருந்தான்: "மாமா, எகிப்துக் கல்லறையில வைக்கிற பொம்மையாம். 2,500 வருஷம் பழசு. வாங்கலாமான்னு பார்க்கிறேன். இதுக்குத் தமிழ்ல என்ன பேரு?"

விலையைப் பற்றிக் கேட்டிருந்தால் எனக்குத் தெரியாது என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். பெயரைக் கேட்டுவிட்டான்.

படத்தை விரலால் விரித்துப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்க ஒரே சுற்றல், பாயில் வைத்துக் கட்டினாற்போல. கை இரண்டும் மட்டும் அந்தக் கட்டிலிருந்து வெளியே வந்து மார்பின்மேல் குறுக்காகக் கிடக்கின்றன. ஒன்றில் மண்வெட்டி, ஒன்றில் கொத்து. கொத்தைப் பிடித்த விரல்களுக்குள் ஒரு கயிறும் இருக்கிறது. அது தோள்மேல் ஏறிப் பின்னால் போகிறது; பின்பக்கப் படத்தில் அதன் நுனியில் விதைப்பை தொங்குகிறது. முதுகில் தூண்போல ஒரு பட்டை. முழங்காலுக்குக் கீழே ஒடிந்து ஒட்டிய தடம்; மெருகு போன அந்த இடம் மட்டும் நாட்டுச் சர்க்கரை நிறம். பிணத்தைக் கட்டிய கட்டோடு வயல்வேலைக்குக் கிளம்பிவிட்ட ஆள் என்று சொல்லலாம். முன்பக்கம் வரிவரியாக எழுத்து.

பட்டியல்காரர் தலைப்பில் 'உஷப்தி' என்று போட்டிருந்தார். உள்ளே விவரத்தில் 'ஷப்தி'. அடியில், ஒப்பிட்டுக் காட்டிய வேறொரு பொம்மைக்கு 'ஷவப்தி'. ஒரே பக்கத்தில் ஒரே பொருளுக்கு மூன்று பெயர். அச்சுப்பிழை இல்லை. மூன்றும் எகிப்தியரே எழுதியவைதான், வெவ்வேறு காலத்தில்.

எகிப்தியர் எழுத்தில் உயிரெழுத்து கிடையாது, மெய் மட்டும்தான். மெய்யைப் பத்திரமாக வைத்துவிட்டு உயிரைக் கோட்டைவிட்ட எழுத்து என்று வகுப்பில் சொன்னால் நம் பிள்ளைகள் சிரிப்பார்கள். மம்மி செய்த ஜனங்களுக்குப் பொருத்தமான எழுத்துதான். ஆக ஷப்தி, ஷப்டி, உஷெப்தி என்று நாம் உச்சரிப்பதெல்லாம் இடையில் நாம் நுழைத்த உயிர். மெய்களை மட்டும் பார்த்தால் கதை இப்படிப் போகிறது. சுமார் 4,000 ஆண்டுக்கு முன், சவப்பெட்டிகளின் உட்பக்கம் எழுதிய மந்திரங்களில் இந்தப் பொம்மை 'ஷப்தி'யாக வருகிறது. 17ஆம் வம்சத்தை ஒட்டி, தெற்கே தீப்ஸ் பக்கத்தில், நடுவில் ஒரு வகரம் ஏறி 'ஷவப்தி' என்றும் எழுதத் தொடங்கினார்கள். கி.மு. 1070 வாக்கில் தொடங்கும் 21ஆம் வம்சத்திலிருந்து, வகரம் முன்னால் வந்து உட்கார்ந்து 'உஷப்தி' ஆகிறது.

கடைசி வடிவத்துக்குத்தான் அர்த்தம் பளிச்சென்று தெரியும். எகிப்திய மொழியில் வ்-ஷ்-ப் என்றால் மறுமொழி சொல்லுதல். உஷப்தி என்றால் பதில் சொல்பவர். எல்லாப் புத்தகத்திலும் இந்த விளக்கம்தான் முதலில் வரும். ஆனால் பெயர் பிறந்து ஓராயிரம் ஆண்டு கழித்து வந்த வடிவம் இது. பழைய ஷப்தியில் இந்த 'மறுமொழி' இல்லை. ஷவப் என்று ஒரு மரம் உண்டு, பெர்சியா என்பார்கள். அந்த மரத்தில் செய்ததால் ஷவப்தி என்றார்கள் சிலர். கல்லிலும் மண்ணிலும் மெழுகிலும் செய்ததற்கும் அதே பெயர் என்பதால் அது நிற்கவில்லை. கோல், கம்பு என்ற பொருளுள்ள சொல்லோடு இணைத்தார்கள் சிலர். 17ஆம் வம்சத்தில் சுள்ளியைச் செதுக்கி முகம் மட்டும் வைத்த பொம்மைகள் இருப்பதால் இதில் கொஞ்சம் உயிர் இருக்கிறது. உணவு என்ற சொல்லையும் காட்டுவார்கள். எதுவும் தீர்ந்தபாடில்லை.

எனக்குப் படுவது இது. பழைய பெயரின் பொருள் எகிப்தியருக்கே மறந்துபோயிற்று. மறந்த சொல்லைக் காது சும்மா விடாது. பக்கத்தில் இருக்கும் தெரிந்த சொல்லோடு கட்டிவைக்கும். இந்தப் பொம்மை என்ன வேலை செய்கிறது? கூப்பிட்டால் குரல் கொடுக்கிறது. அப்படியானால் இதன் பெயர் குரல் கொடுப்பவர்தான் என்று எழுத்தர்கள் எழுத்தையே மாற்றிக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. ஷப்தி என்றதும் 'சப்தம்' என்று நம் காதில் விழுகிறது. பதில் சொல்கிற பொம்மை, சப்தம், ஆகவே எகிப்தியர் இங்கிருந்துதான் எடுத்துப் போனார்கள் என்று நாளைக்கே வாட்ஸப்பில் ஒரு கட்டுரை வரலாம். நமக்கும் எகிப்துக்கும் போக்குவரத்து இருந்தது நிஜம். செங்கடல் கரையில் பெரனீகேயில் 1995இல் 'கொற்றபூமான்' என்று தமிழ்ப் பிராமியில் கீறிய பானை ஓடு கிடைத்தது. குசேர் அல்-காதிமில் 'பானை ஒறி' என்று எழுதிய ஓடு கிடைத்தது. அவை கிறிஸ்துவை ஒட்டிய முதல் சில நூற்றாண்டுகளின் சங்கதி. ஷப்தி அதற்கு 2,000 ஆண்டு மூத்த சொல். கொற்றன் பெரனீகேயில் இறங்கியபோது எகிப்தியர் இந்தப் பொம்மை செய்வதையே விட்டிருந்தார்கள்.

சரி, கூப்பிடுவது யார்? எதற்கு?

இறந்தோர் நூல் என்று நாம் சொல்லும் தொகுப்பின் 6ஆம் அத்தியாயம் இந்தப் பொம்மைக்கானது. பொம்மையின் மேல் வரிவரியாக எழுதியிருப்பதும் அதுவே. அதன் சாரம்: மறுமையிலும் நாணல் வயல் என்று ஒரு வயல் உண்டு. அங்கே யாருக்கும் சும்மா சோறு கிடையாது. இன்னார் மகன் இன்னாருக்கு வேலைக்கு ஆணை வந்தால், வயலைப் பண்படுத்தவோ, கரையோர நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சவோ, கிழக்கேயிருந்து மேற்கே மணல் சுமக்கவோ ஆள் கேட்டால், அவர் எழுந்திருக்க வேண்டாம். பொம்மையே, நீ எழுந்து இருக்கிறேன் என்று குரல் கொடு.

மணலை எதற்குச் சுமப்பது என்பதில் எகிப்து அறிஞர்களுக்குள் ஒற்றுமை இல்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வளர்ந்த எனக்கு இதில் பெரிய புதிர் தெரியவில்லை. வெள்ளம் வடிந்த பின் வயலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வண்டல் என்று ஆசைப்பட்டுக் காத்திருப்பான் குடியானவன், ஆறு மணலைக் கொட்டிவிட்டுப் போயிருக்கும். அதை வாரி அப்புறப்படுத்தாமல் அடுத்த போகம் இல்லை.

குரல் கொடுப்பதும் நமக்குப் புதிதில்லை. வாத்தியார் பெயர் படிக்க, "உள்ளேன் ஐயா" என்று ஒருவன் தனக்கும் சொல்லி, வராத நண்பனுக்கும் குரலை மாற்றிச் சொல்வானே, அவன்தான் ஷப்தி. இன்னும் மேலான உதாரணம் எங்கள் ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் இருக்கிறது. பெருமாள் முன்னால் கைங்கரியக்காரர்களை ஒவ்வொருவராக அழைக்கும் முறைக்கு அருளப்பாடு என்று பெயர். பெருமாளே அழைப்பதாக மரபு. 'அருளப்பாடு' என்று நீட்டி, அவரவர் பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட, அழைக்கப்பட்டவர் 'நாயிந்தே, நாயிந்தே' என்று சொல்லிக்கொண்டு முன்னால் வருவார். கூட்டத்துக்குள் எங்கோ நின்றவரின் குரல்தான் முதலில் வரும். ஆள் பின்னால் வருவார். அந்தக் குரலுக்காகவே மார்கழி இராப்பத்தில் தூணோரம் நின்றிருக்கிறேன். கூப்பிட்டதும் இருக்கிறேன் என்பது அங்கே பெருமை. அழைப்பு வராதா என்று ஏங்குகிறவர்கள் உண்டு. எகிப்தின் நாணல் வயலில் அதே குரலை இன்னொருவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். கூப்பிடுகிறவர் யார், வேலை என்ன என்பதைப் பொறுத்து ஒரே மறுமொழி கைங்கரியமாகிறது, அல்லது வெட்டியாகிறது.

வெட்டி என்ற சொல்லுக்கு வந்துவிட்டேன். பொம்மையின் தமிழ்ப் பெயரைத் தேடினால் இங்கேதான் வந்து முட்டுகிறது.

இன்று வெட்டி என்றால் வீண். வெட்டிப் பேச்சு, வெட்டிச் செலவு, வேலையில்லாத பையன் வெட்டி ஆபீசர். சோழர் கல்வெட்டில் வெட்டி என்றால் நேர் எதிர்: கூலியில்லாமல் அரசுக்கும் ஊருக்கும் செய்தே தீரவேண்டிய உடலுழைப்பு. கடமை, குடிமை, அந்தராயம், எச்சோறு என்று அடுக்கும் வரிப்பெயர்களோடு வெட்டியும் முட்டையாளும் அமஞ்சியும் வரும். நிலம் கொடுத்தவர்கள் இன்னின்ன வரி நீக்கிக் கொடுத்தோம் என்று வரிசை போடும்போது வெட்டியும் அதில் இருக்கும். 'செந்நீர் வெட்டி' என்றே ஒன்று உண்டு. செந்நீர் என்பது ஆற்றில் வரும் புதுநீர். வாய்க்கால் தூர்வாரி, கரை கட்டி அதை வயலுக்குக் கொண்டுவர ஆள் அனுப்பும் கடமை அது. ஸ்ரீரங்கம் கோயிலில் மட்டும் 600க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. அந்தச் சுவர்களைச் சுற்றி வரும்போது தங்கக் குடமும் நந்தா விளக்கும்தான் கண்ணில் படுகின்றன. இந்தச் சுவர் இரண்டு ஆற்றுக்கு நடுவே கரைந்துபோகாமல் நிற்கக் கூடை சுமந்தவர்களை நினைவுபடுத்த வெட்டி என்ற மூன்றெழுத்து மாதிரி ஒன்றிரண்டு சொற்கள்தான் மிச்சம்.

சொல்லின் மூலம் வடமொழி விஷ்டி. பிராகிருதத்தில் விட்டி என்று இளகி, தெற்கே வந்து வெட்டியாயிற்று. தெலுங்கில் வெட்டி, கன்னடத்தில் பிட்டி, மராத்தியில் வேட், ஒடியாவில் பேட்டி. மராத்தியர் வேட்பிகார் என்று பாரசீகச் சொல்லையும் சேர்த்து இரட்டிப்பாகச் சொல்வார்கள். தெலங்கானாவில் 1946 முதல் 1951 வரை நடந்த விவசாயிகள் போராட்டத்தில் முதல் குறையே 'வெட்டி சாகிரி'தான். இந்தியா முழுக்க ஒரே சொல் இத்தனை உச்சரிப்பில் பரவிக் கிடப்பது, வேலை எவ்வளவு தூரம் பரவிக் கிடந்தது என்பதற்குச் சாட்சி.

விஷ்டிக்கு ஒரு பழைய கல்வெட்டுச் சாட்சி நம்மிடமிருந்து வெகுதூரத்தில், குஜராத்தின் ஜூனாகத்தில் இருக்கிறது. அதுவும் அணை விவகாரம். கி.பி. 150 வாக்கில் சுதர்சன ஏரியின் கரை புயல்மழையில் உடைந்துபோக, மகாக்ஷத்ரபன் ருத்ரதாமன் அதைத் திரும்பக் கட்டினான். வரியாலும் விஷ்டியாலும் நன்கொடை வசூலாலும் குடிகளை வருத்தாமல், என் கருவூலத்துப் பணத்தில் கட்டினேன் என்று பாறையில் பொறித்துவைத்தான். பாறையில் பொறித்துப் பெருமைப்பட வேண்டிய விஷயம் அது என்றால், மற்ற அரசர்கள் எப்படிக் கட்டினார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். காவிரிக்குக் கரை எடுத்த கரிகாலனைப் பற்றி நம் பெருமைக் கதை, தோற்ற அரசர்களையே கூடை சுமக்க வைத்தான் என்கிறது. சிங்களக் கதைமரபோ 12,000 பேரைச் சோழன் பிடித்துப்போனதாகச் சொல்லும். எது எவ்வளவு வரலாறு என்பது வேறு. கரை என்றால் கட்டாய ஆள் என்பது இரண்டு தரப்பின் நினைவிலும் ஒட்டியிருக்கிறது.

வெள்ளைக்காரன் காலத்திலும் அது போகவில்லை. 1858இல் சென்னை மாகாணத்துக்கென்றே ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. ஏரிக்கரையோ ஆற்றுக்கரையோ உடையப்போகிறது என்றால் ஊரிலுள்ள வலுவான கூலிக்காரர்களை அதிகாரி அழைக்கலாம். கூலி உண்டு, வரமாட்டேன் என்று சொல்ல உரிமை இல்லை. குடிமராமத்தை விட்டவர்களைத் தண்டிக்கவும் அதில் இடம் இருந்தது. குடிமராமத்து என்பதே பாதி தமிழ், பாதி அரபு. வெட்டியைவிட மரியாதையான பெயர் என்பதால்தானோ என்னவோ, 2017இல் அரசு திட்டத்துக்கு அந்தப் பெயரைத் தூசி தட்டி எடுத்தார்கள். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் அணையின் 9 மதகுகள் பெயர்ந்து விழுந்ததும், பல நாளுக்கு மணல் மூட்டைதான் ஒரே வைத்தியமாக இருந்தது. கழுத்தளவு தண்ணீரில் மூட்டையைக் கைமாற்றிக் கைமாற்றி அடுக்கினார்கள். அவர்களுக்குக் கூலி உண்டு. வேலை மட்டும் 6ஆம் அத்தியாயத்தில் சொன்ன அதே வேலை: ஆற்றங்கரை, மணல்.

பொம்மைக்கு வருவோம். அதன் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் ஒரு கல்லறைக்கு ஒன்றிரண்டு. அப்போது பொம்மை இறந்தவரே. அவருடைய உடம்புக்கு ஒரு மாற்று உடம்பு. நம் தர்ப்பணத்தில் கூர்ச்சத்தை முடிந்து அதில் பித்ருக்களை வரித்து உட்கார வைப்பதில்லையா, கிட்டத்தட்ட அப்படி. போகப்போக பொம்மை அவருடைய வேலையாளாக இறங்கிவிட்டது. இறங்கியதும் எண்ணிக்கை ஏறிற்று. நாளைக்கு ஒருவர் வீதம் 365, பத்துப் பேருக்கு ஒரு மேற்பார்வையாளர் வீதம் 36, மொத்தம் 401. மேற்பார்வையாளரின் கையில் மண்வெட்டி கிடையாது, சவுக்கு. பிணக்கட்டும் கிடையாது, உயிரோடிருப்பவர்போல வேட்டி கட்டியிருப்பார். தோட்டத்துக்குப் போன தமிழர்களிடம் அவருக்குத் தயாராகப் பெயர் இருக்கிறது: கங்காணி. துட்டன்காமன் கல்லறையில் 413 பொம்மைகள். அதில் மாதக் கங்காணி 12 பேர் கூடுதல். நூபியாவிலிருந்து வந்து எகிப்தை ஆண்ட தஹார்க்காவுக்கு ஆயிரத்துக்கும் மேல்.

பெயர்மாற்றமும் இந்த இறக்கமும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். பொம்மை இறந்தவராகவே இருந்தவரை ஷப்தி. நூற்றுக்கணக்கில் ஏவலாளான பிறகு உஷப்தி, கூப்பிட்டால் பதில் சொல்பவர். இது என் ஊகம். ஆனால் நம் ஊரில் இதற்கு ஒரு ஜோடி இருப்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

வெட்டியான் என்று யாரைச் சொல்கிறோம்? சுடுகாட்டில் குழி வெட்டுபவர், அதனால் வெட்டியான் என்றுதான் பத்துப் பேரில் ஒன்பது பேர் சொல்வார்கள். நானும் நாற்பது வயதுவரை அப்படித்தான் நினைத்திருந்தேன். வெட்டுதலுக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பு இல்லை. வெட்டி செய்பவர் வெட்டியான். வாய்க்காலில் மடை திறப்பது, தண்டோரா போடுவது, எல்லைக் கல்லைக் காட்டுவது, வரிக்கு ஆளைக் கூட்டிவருவது, பிணத்தை எரிப்பது என்று ஊர் ஏவிய எல்லாம் அவர் வேலையாக இருந்தது. தலையாரியோடு சேர்த்துக் கிராம ஊழியர் பட்டியலில் வெட்டியான் என்றே அரசு எழுதிற்று. ஊர் வேலைகளைச் செய்த அந்தப் பதவிக்கு இன்று கிராம உதவியாளர் என்று பெயர். மற்ற வேலையெல்லாம் கழன்றுபோய்ச் சுடுகாடு மட்டும் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பழைய பொருள் மறந்ததும் காது பக்கத்திலிருந்த 'வெட்டு' என்ற வினையைப் பிடித்துக்கொண்டது. எகிப்திய எழுத்தர் ஷப்திக்குள் 'மறுமொழி'யைக் கேட்டதுபோல நாம் வெட்டியானுக்குள் மண்வெட்டியைக் கேட்கிறோம். இரண்டு பெயரிலும் கூலியில்லாத கரைவேலை, இரண்டிலும் சாவு. மூலத்தை மறந்தவர்கள் வேலையைப் பார்த்துப் புதுப்பொருள் சொன்னதும் இரண்டிலும் ஒன்றே. ஓயாமரி சுடுகாட்டுப் பெயருக்கு 'ஓயாமல் எரி' என்று திருச்சியில் என்னிடம் விளக்கம் சொன்ன ஆட்டோக்காரரும் இந்த எழுத்தர்களின் வம்சம்தான்.

ஒரு சாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் பெரியப்பா லால்குடி பக்கம் ஒரு கிராமத்தில் இறந்தார். மின்மயானம் வேண்டாம், ஆற்றங்கரையில்தான் என்று சொல்லிவைத்திருந்தார். வரட்டி அடுக்கி, வைக்கோலைப் பரப்பி மூடிய பிறகு, கரையிலிருந்து சேறு குழைத்துக் கொண்டுவந்து ஒருவர் மேலே பூசினார். அறுபது வயது இருக்கும். தண்ணீரைத் தொட்டுத் தொட்டு உள்ளங்கையால் வழித்து, வீட்டுத் திண்ணை மெழுகுவது மாதிரி. கடைசியில் அங்கங்கே விரலை விட்டுத் துளை போட்டார், காற்று போக. விரல் உள்ளே போய்த் திரும்பும்போது ஈரச் சேற்றில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. எல்லாம் முடிந்து கொள்ளிக்குடம் உடைக்கிற நேரம் அவர் ஆற்றில் கை கழுவப் போயிருந்தார். யாரோ, "வெட்டியான் எங்கய்யா?" என்று கூச்சலிட்டார்கள். கரைக்குக் கீழேயிருந்து, ஆள் தெரிவதற்கு முன்னால், "இந்தா வந்துட்டேங்க" என்று குரல் வந்தது.

மறுநாள் பால் தெளித்துவிட்டு வந்து செலவுக் கணக்கு எழுதினேன். சாஸ்திரிகள், பூ, வேன், பந்தல். வேன்காரருக்கும் பந்தல்காரருக்கும் பெயர் போட்டு எழுதினேன், பின்னால் பாக்கி தீர்க்க வசதியாக. சேறு பூசியவரின் பெயரும் எனக்குத் தெரியும். காலையில் கேட்டிருந்தேன், சொன்னார். நோட்டில் 'வெட்டியான் கூலி' என்றுதான் எழுதியிருக்கிறேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. இப்போதெல்லாம் மயான ஊழியர் என்று எழுதுகிறார்கள், அப்படித்தான் எழுத வேண்டும். பழைய சொல்லில் சாதியின் நெடி இருக்கிறது. அன்றைக்கு எனக்குக் கை தானாக அப்படிப் போயிற்று.

அக்கா மகன் அனுப்பிய பொம்மையில் எழுதியிருப்பதும் அதன் பெயர் இல்லை. அது எஜமானின் பெயர், அவருடைய தாயின் பெயர். 401 பொம்மைக்கும் அந்த ஒரே பெயர்.

ஆளுக்கு ஆள் அனுப்புகிற கதை நம்மிடமும் உண்டு, மதுரையில். வைகை பெருகுகிறது, வீட்டுக்கு ஓர் ஆள் கரைக்கு வரவேண்டும் என்று பாண்டியன் ஆணை. பிட்டு விற்கும் வந்தி கிழவிக்கு ஆள் இல்லை. சொக்கநாதர் கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டு, அவளுக்காகக் கரைக்குப் போகிறார். எகிப்தியருக்கு ஷப்தி, வந்திக்குச் சிவன். ஆனால் நம்முடைய மாற்றாள் என்ன செய்தார்? பிட்டைத் தின்றார், ஆடினார், பாடினார், மரத்தடியில் படுத்துத் தூங்கினார். வந்தியின் பங்குக் கரை மட்டும் அடைபடாமல் கிடந்தது. வெட்டிக்கு வந்தவர் இன்றைய பொருளில் வெட்டியாக இருந்தார். பிரம்படி விழுந்ததும் அது பாண்டியன் முதுகிலும் ஊரார் முதுகிலும் சேர்ந்து விழுந்தது. சொல்லின் பொருள் எப்படித் தலைகீழாயிற்று என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் காட்டுவேன். கூலிக்கு மாரடித்தாலும் கூலி உண்டு; வெட்டிக்கு அதுவும் இல்லை. கூலியில்லாத வேலையைச் செய்கிறவன் மெதுவாகத்தான் செய்வான். பலனில்லாத வேலை, செய்யாத வேலை, வேலையே இல்லாமை என்று படிப்படியாகப் பொருள் வழுக்கிவிட்டது. மேலேயிருந்து பார்த்தவர்கள் வைத்த பொருள் என்றும் சொல்லலாம்.

இந்தப் பொம்மைகள் அன்றைக்கே விலைக்கு வாங்கியவைதான். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 3,000 ஆண்டுப் பழைய பாப்பிரஸ் ஒன்று இருக்கிறது. அமூன் கோயிலில் தாயத்து வார்க்கும் தலைமைக் கைவினைஞர், இறந்துபோன ஒரு பூசாரிக்காக 401 பொம்மை செய்து அவர் மகனிடம் விற்ற சீட்டு. 365ம் 36ம் பிரித்துக் கணக்குப் போட்டு, வெள்ளி முழுதும் வந்து சேர்ந்தது என்கிறார். இவர்கள் ஆணும் பெண்ணுமான அடிமைகள் என்று எழுதுகிறார். அப்புறம் பொம்மைகளைப் பார்த்தே பேசுகிறார்: கூப்பிட்டால் உடனே போய் வேலை செய்யுங்கள் என்று. அடிமை வாங்கிய சீட்டும் பொம்மை வாங்கிய சீட்டும் ஒரே வாசகம்.

இன்றைய சீட்டுக்கு வேறு விஷயம் வேண்டும். எகிப்தில் 1983 வரை உரிமம் பெற்ற வியாபாரிகள் தொல்பொருள் விற்றார்கள்; கெய்ரோ அருங்காட்சியகத்திலேயே விற்பனை அறை இருந்தது. 1983இன் 117ஆம் எண் சட்டம் அந்தக் கதவை மூடிற்று. அதற்கு முன் முறையாக வெளியேறியது என்று காகிதம் இருந்தால் ஒரு கதை. இல்லாவிட்டால் யாரோ இராத்திரியில் தோண்டியது என்றுதான் நினைக்க வேண்டும். காகிதம் இருந்தாலும் நம்பிவிட முடியாது என்று எங்கள் பக்கத்து அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கற்றுக்கொடுத்தது. அந்த ஊர் நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியபோது, நம் தொல்பொருள் சட்டத்துக்கு முன்பே இந்தியாவை விட்டுப் போனதாகக் காகிதம் இருந்தது. எல்லாம் போலி. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படம் காட்டிக்கொடுத்தது. 2014இல் சாமி திரும்பி வந்தார்.

இதையெல்லாம் சுருக்கி அவனுக்கு எழுதினேன். பெயருக்கு 'ஏவற்பாவை' என்று போட்டேன். பாவை என்றால் உருவம். ஆண்டாளின் ஊர்க்காரர்கள் இல்லை என்றாலும் அவள் மணந்த ஊர்க்காரர்கள் நாங்கள், பாவை எங்களுக்குப் பிடித்த சொல். ஏவல் என்றால் கட்டளைக்குச் செய்யும் வேலை. திருப்தியாக இருந்தது.

அரை மணியில் அக்கா கூப்பிட்டுவிட்டாள். "ஏண்டா, ஏவல்னா பில்லி சூனியம்டா. அதைப் போய்க் குழந்தை இருக்கிற வீட்டுல வைக்கச் சொல்றியா?" சொல்லாராய்ச்சி பேச இடம் கொடுக்கவில்லை. "சவத்தோட புதைச்சதுன்னு வேற சொல்றான்."

ஏவலை விட்டேன். வெட்டிப் பாவை என்றால் நானே சிரிப்பேன். ஷப்தி என்றே எழுதிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன். பழைய பெயர், அர்த்தம் தெரியாத பெயர், அதில் யாரும் யாருக்கும் பதில் சொல்லவில்லை.

எந்தக் கல்லறை, எந்த வருஷம் எகிப்தை விட்டு வந்தது என்று ஏலக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டானாம். 'பழைய ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு' என்று ஒரு வரி வந்தது. யாருடையது என்று மறுபடி கேட்டிருக்கிறான். மூன்று வாரம் ஆகிறது. பதில் இல்லை.